இதில முந்தி ஆர் இருந்தவை?

எங்கள் வீட்டில் பால் காய்ச்சிய நாளன்று புகை அலாரம் அலறியது. ஐயர் ஹோமத்தை நிறுத்தவில்லை. என் கணவர் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் சமையலறை மேடைக் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் களேபரத்தில் அன்ரி ஒருவர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளே வாங்க என்றேன். அவர் செருப்பைக் கழற்றாமல் கதவு நிலையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதில முந்தி ஆர் இருந்தவை, பிள்ளை?"

ஒரு கிரேக்க அம்மா தனியாக இருந்தார் என்றேன். அவர் இப்போது எங்கே என்றார். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்களாம், பிள்ளைகள்தான் வீட்டை விற்றார்கள் என்றேன்.

"தன்ர விருப்பத்தில போனவவோ?"

எனக்கு எப்படித் தெரியும்? ஏலத்தில் கையைத் தூக்கி வீடு வாங்கியவளிடம் அதையெல்லாமா சொல்வார்கள்? தெரியலையே அன்ரி என்றேன், கொஞ்சம் எரிச்சலோடுதான். நல்ல நாளும் அதுவுமாக இது என்ன கேள்வி! அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தார். நேரே கொல்லைப்பக்கம் போய், அந்த அம்மா நட்டுவைத்திருந்த எலுமிச்சை மரத்தடியில் நின்றபடியே சாப்பிட்டார். கடைசிவரை உட்காரவில்லை.

டண்டினொங் பக்கத்துத் தமிழர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பழக்கம். வாங்கிய வீடு, வாடகை வீடு, மளிகைக்கடையின் புது இடம், எதுவானாலும் அன்ரி வந்து கேட்பார். ஒரு கடைக்காரர் முந்தி இது வீடியோக் கடை, அதற்கும் முந்தி இறைச்சிக் கடை என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்த இறைச்சிக் கடைக்காரருக்கு என்ன ஆயிற்று என்று அன்ரி விடாமல் பிடித்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முருங்கைக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். வீட்டில் பேய் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றார்கள் சிலர். வாஸ்து பார்க்கிறார் என்றார்கள் சிலர். அன்ரியைச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கூப்பிடுவது என்று சில வீடுகளில் பேசியே வைத்திருந்தார்கள்.

நானும் ஏதோ சாங்கியம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றவரைக் காரில் ஏற்றிக்கொண்டேன். எப்போதும் போலச் சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கார்டிகன், காலில் ஆண்கள் போடும் ஓட்டச் சப்பாத்து. பேச்சோடு பேச்சாக ஆறுதல் சொன்னேன். கணபதி ஹோமம் முறையாகச் செய்தாயிற்று, எங்கள் வீட்டில் ஒரு தோஷமும் இல்லை, கவலைப்படாதீர்கள் என்றேன்.

"அது உங்களுக்குச் செய்தது, பிள்ளை. போனவவுக்கு என்ன செய்தனீங்கள்?"

குத்திக் கேட்கவில்லை. கடையில் உப்பு எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்பது போலத்தான் கேட்டார். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

இங்கே எந்தக் கூட்டம் தொடங்கினாலும், இந்த மண்ணின் ஆதிக்குடிகளை நினைத்து மரியாதை செலுத்துகிறோம் என்று ஒருவர் எழுந்து வாசிப்பார். நம் ஆட்கள் அந்த நேரத்தில்தான் கைப்பேசியை அணைப்பார்கள், பக்கத்து நாற்காலிக்காரரிடம் சுகம் விசாரிப்பார்கள். அன்ரிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. அது என்ன வாசிக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டார். வெள்ளைக்காரர் வருமுன் இங்கே இருந்தவர்களை நினைக்கிறார்கள் என்று அர்த்தம் சொன்னேன். இவையும் கேட்கினம் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து அந்த நாலு வரி வரும்போது நிமிர்ந்து உட்காருவார். சில மாதம் கழித்து ஒரு பொங்கல் விழாவில் என் காதுக்குள் சொன்னார்: "ஒவ்வொரு கூட்டத்திலயும் சொல்லுகினம். சொல்லிப்போட்டு ஒருத்தரும் எழும்பிப் போறேல்லை." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நானும்தான் போறேல்லை என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டு, முன்னால் இருந்தவரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திருச்சிக்காரி. வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். பேச ஒரு மேடை கிடைத்தால் போதும், சாப்பாடு வேண்டாம். அப்படித்தான் முதியோர் சங்கத்தில் மாதம் ஒருமுறை படம் போட்டுக் கதை சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய கோட்டை, கோயில், அரண்மனை என்று ஏதாவது ஒன்று. அன்ரி தவறாமல் வருவார். கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான் அவருடையது, வேறு எங்கும் உட்கார மாட்டார்.

அந்த மாதம் பெய்ஜிங் அரண்மனை. எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு. சிவப்பு மதிலும் மஞ்சள் ஓடும் முற்றத்துக்குப் பின் முற்றமுமாக, ஐந்நூறு வருஷம் சாதாரண மனிதன் கால் வைக்க முடியாத இடம். முடியாட்சி போன பிறகும், சின்னப் பையனாக இருந்த கடைசிச் சக்கரவர்த்தியைப் பின்கட்டில் இருக்க விட்டிருந்தார்கள். மதிலுக்கு வெளியே குடியரசு, உள்ளே மட்டும் அவர் ராஜா. ஊழியர்கள் கிடைத்ததைச் சுருட்டி வெளியே விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் வளர்ந்து கல்யாணமும் ஆன பிறகு, ஒருநாள் காலையில் படைவீரர்கள் வந்து மூன்று மணி நேரத்தில் வெளியேறு என்றார்கள். அவர் அப்போது மனைவியோடு பழம் தின்றபடி பேசிக்கொண்டிருந்தாராம். பிறகு கணக்கெடுக்கப் போனவர்கள் அறைக்குள் பாதி கடித்த ஆப்பிளைப் பார்த்தார்களாம்.

இந்த இடத்துக்காகவே நான் பையில் ஓர் ஆப்பிள் கொண்டுபோயிருந்தேன். அதை எடுத்து ஒரு கடி கடித்து, யாரோ கதவைத் தட்டியது போலத் திடுக்கிட்டு, மேசையில் வைத்தேன். மண்டபமே சிரித்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மீதியை மளமளவென்று சொன்னேன். அடுத்த வருஷமே அரண்மனை அருங்காட்சியகமாகிவிட்டது. கதவைத் திறந்த அன்று ஊரே உள்ளே புகுந்தது, ராஜா படுத்த கட்டிலைப் பார்க்க அடிபிடி. அப்புறம் போர் வந்தது. அங்கிருந்த பொருள்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, ரயிலிலும் படகிலும் லாரியிலும் வருஷக்கணக்காக ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் ஒரு பங்கு கடல் தாண்டித் தைவானுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு இடத்திலும் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று முடித்தேன்.

கேள்வி நேரத்தில் ஒரு அங்கிள் விசாவைப் பற்றிக் கேட்டார். இன்னொருவர் அங்கே மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்றார். பிறகு அன்ரி எழுந்தார். முந்தி யார் இருந்தது என்றுதான் நான் சொல்லிவிட்டேனே, இனி என்ன கேட்பார் என்று எல்லாரும் பார்த்தோம்.

"அந்தப் பழத்தைப் பிறகு ஆர் சாப்பிட்டது?"

திரும்பவும் சிரிப்பு. அதையும் அருங்காட்சியகத்தில் வைத்திருப்பார்கள் என்று நானும் என் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டேன். அன்ரி மேசையில் இருந்த என் ஆப்பிளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடித்த இடம் அதற்குள் கறுத்துப்போயிருந்தது.

வீட்டில் கொண்டுபோய் விடும்போது காரில் அவராகப் பேச்செடுத்தார். அவருக்கு யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கடலோர ஊர். ஷெல் விழத் தொடங்கியபோது, கணவர், மகன், மகளோடு ஓடிவந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார். விட்டுவந்த ஊர் ராணுவத்தின் கையில். பிற்பாடு அந்தக் காணிகளில் பெரிய இடத்து ஆட்களுக்கு ஒரு மாளிகையே எழும்பியதாம். "அங்க அரசனைக் கலைச்சுப்போட்டுச் சனத்தை உள்ள விட்டவை. எங்கட ஊரில சனத்தைக் கலைச்சுப்போட்டு மாளிகை கட்டினவை" என்றார். நான் உச்சுக்கொட்டினேன். அதுக்கு நான் அழேல்லை என்றார்.

அவர் சொல்ல வந்தது வேறு. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதுதான் யாழ்ப்பாண டவுனில் இருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். சொன்னது ராணுவம் இல்லை. "எங்கட ஆக்கள்தான் சொன்னவை. ரெண்டு மணித்தியாலம் குடுத்தவை. அரசனுக்கு மூண்டு, அவைக்கு ரெண்டு." அவர்கள் விட்டுப்போன தெரு ஒன்றில் வெறுமையாகக் கிடந்த வீட்டில் இவர்களைக் கொண்டுபோய் இருத்தினார்கள். கதவு சும்மா சாத்தியிருந்தது. குசினியில் பானைச் சோறு பூசணம் பிடித்திருந்தது, அதைக் கொட்டினார். அலுமாரித் தட்டில் பேரீச்சம்பழம் போட்ட அச்சாறு ஒரு போத்தல் இருந்தது, கரண்டியும் உள்ளேயே.

"பிள்ளையள் பசியில நிண்டதுகள். நாங்கள்தான் சாப்பிட்டனாங்கள். ருசியெண்டா அப்பிடியொரு ருசி. நான் விரலை நக்கினனான், பிள்ளை."

சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை ஒன்று இருந்ததாம். கணவர் அதைக் கழற்றி உடைந்த ஜன்னலுக்கு வைத்து அடித்தார், எழுத்து வெளிப்பக்கம். அன்ரி ஒருநாளும் வெளியே போய் அதை வாசிக்கவில்லை. பெயர் தெரிந்தால் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டிவரும், விசாரித்தால் அந்த வீட்டில் படுத்தால் நித்திரை வராது. ஊரே திரும்பவும் எழும்பி ஓடும்வரை, ஐந்து வருஷம், அங்கேதான் இருந்தார்கள். உலகத்தில் எல்லா வீட்டு வாசலிலும் கேட்கும் மனுஷி அந்த ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை.

அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிட்டார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. கண்ணாடி அலுமாரியில் சாமான் எதுவும் இல்லை, நடுவில் ஒரு வெள்ளைத் துணி, அதன் மேல் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு எனாமல் தட்டு. நீலக் கரை, நடுவில் பெரிய சிவப்புப் பூ, விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. சஹன் என்றார். முஸ்லிம் வீடுகளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பார்களே, அது. ஓடும்போது அரிசியைக் கொட்டித் தூக்க அகலமாக எது இருக்கிறது என்று பார்த்திருக்கிறார், இது இருந்திருக்கிறது. பிறகு வன்னியில் எத்தனையோ இடம். கூடாரத்தில் நாலு பேரும் இதைச் சுற்றித்தான் இருந்து சாப்பிட்டார்கள். கணவர் கடைசியாகச் சோறு தின்றது இதில்தான். மகனும் வன்னியோடு சரி. மகள் இப்போது சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறாள்.

பத்திரமா வச்சிருக்கீங்க அன்ரி என்றேன்.

"அந்த மியூசியத்திலயும் பத்திரமாத்தான் வைச்சிருக்கினம் எண்டு சொன்னனீங்கள். பத்திரமா வைச்சிருக்கிறது வேற, அது ஆரின்ர எண்டுறது வேற. இதை அந்தத் தெரு ஆக்கள் ஆரிட்டையாவது குடுக்க வேணும். நான் கண் மூட முந்தி."

என்னோடு வேலை செய்யும் ஒருத்தி அந்த டவுன்காரி என்பது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஊரைவிட்டுப் போகும்போது கைக்குழந்தை, வளர்ந்ததெல்லாம் புத்தளம் அகதி முகாமில். அவளிடம் சொன்னேன். அதே தெருதான், அங்கே எங்களுக்கு நிறையச் சொந்தம் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய காரியம் ஒன்றை முடித்துவைக்கப் போகிறேன் என்று வழியில் கேக் எல்லாம் வாங்கிக்கொண்டு அவளை அழைத்துப் போனேன்.

அன்ரி புதுச் சேலை கட்டியிருந்தார். அலுமாரியைத் திறந்து தட்டை இரண்டு கையாலும் எடுத்து வந்தார். அந்தப் பெண் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். எங்கட வீட்டுத் தட்டாயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எல்லா வீட்டிலும் ஒன்று இருந்ததாம் என்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. டிசம்பரில் ஊருக்குப் போவதாகவும், கொண்டுபோய் அந்தத் தெருப் பெரியவர்களிடம் காட்டினால் யாராவது அடையாளம் சொல்லக்கூடும் என்றும் சொல்லிக் கையை நீட்டினாள். அன்ரி தட்டை நீட்டினார். அவள் பிடித்தாள்.

அன்ரி விடவில்லை.

முதலில் நான் கவனிக்கவில்லை. கேக்கை வெட்டக் கத்தி தேடிக்கொண்டிருந்தேன். திரும்பினால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றார்கள். அன்ரியின் விரல்கள் விளிம்பில் வெளுத்துப்போயிருந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று அவருக்கே புரியவில்லை, தன் கையையே வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி என்று மெல்லக் கூப்பிட்டேன். ஓம், ஓம், குடுக்கிறன் என்றார். கை வரவில்லை.

அந்தப் பெண்தான் விட்டாள். "உங்களிட்டையே இருக்கட்டும் அன்ரி" என்று சொல்லி, வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள். காரிலிருந்து இறங்கும்போது, என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனீங்கள் என்று கேட்டாள். நல்லது நடக்கும்னு நினைச்சேன் என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கூசியது. யாருக்கு நல்லது என்று அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அன்ரி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்து வந்த குடிபுகுதலில் வலது காலை வைத்து உள்ளே வந்தார், புது சோபாவில் உட்கார்ந்தார், குசினி நல்ல வெளிச்சம் என்றார். வீட்டுக்காரிக்கு வாயெல்லாம் பல். உங்க அன்ரி மாறிட்டாங்க என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் எழுந்து போய் ஒருமுறையாவது கேட்டுவிட மாட்டாரா என்று. திரும்பும்போது தாங்காமல், ஏன் அன்ரி இன்னிக்குக் கேக்கலை என்றேன்.

"கேக்கிறதுக்கு இனி எனக்கு என்ன இருக்கு, பிள்ளை."

போன ஜூலைக் குளிரில், தூக்கத்திலேயே போய்விட்டார். சிட்னியிலிருந்து வந்த மகள், காரியமெல்லாம் முடிந்த பிறகு வெள்ளைத் துணியில் சுற்றிய தட்டை என் கையில் வைத்தாள். அம்மா என்னிடம்தான் கொடுக்கச் சொன்னாராம், அந்தப் பிள்ளையிடம் சேர்த்துவிடச் சொல்லி. தன் கையால் முடியாது என்றும் சொன்னாராம். என்ன விஷயம், எந்தப் பிள்ளை என்று மகள் கேட்டாள். சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

அந்தப் பெண் ஒன்றும் எட்டாத இடத்தில் இல்லை. தினமும் மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். டிசம்பர் வந்தது, ஊருக்குப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். நாளைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். மழையாக இருந்தது. அதற்கு மறுநாள் பை சின்னதாக இருந்தது. அவள் போய் வந்தும் ஆயிற்று, எனக்குப் பேரீச்சம்பழம் வேறு கொண்டுவந்து கொடுத்தாள். அன்ரியுடையது என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதானே என்று மனசு சொல்கிறது. இது எப்போது அன்ரியுடையதாக இருந்தது என்றும் அதே மனசு கேட்கிறது. வீட்டில் விளக்குமாடத்துக்குப் பக்கத்து அலமாரியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். பூ நன்றாகத் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சித் தோழி ஒருத்தி வந்திருந்தாள். தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பழைய சீனா எனாமல், இதெல்லாம் இப்போது கிடைக்காது என்றாள். எங்க வாங்கினே என்று கேட்டாள்.

தெரிஞ்ச அன்ரி ஒருத்தங்க குடுத்தது என்றேன்.

அவங்களுக்கு ஏது என்று அவள் கேட்கவில்லை. பத்திரமா வச்சுக்கோ என்று சொல்லித் தட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். பத்திரமாத்தான் வச்சிருக்கேன் என்றேன்.